ராஜாவைக் கூப்பிடும் சொல்

ஆம்பூர்
3-9-1978

அம்சவேணிக்கு,

ஆவணி பாதி போய்விட்டது. ஆடிக்கு அழைத்துப் போன பெண்ணை ஆவணி பிறந்ததும் கொண்டுவந்து விடுவதுதான் முறை. உன் அப்பாவுக்கு இது தெரியாததில்லை. பக்கத்து வீட்டில் தினமும் கேட்கிறார்கள், "இன்னா கேசவன், வீட்ல இன்னும் வர்லியா?" என்று. குடியாத்தத்தில் தறி வேலை ஜாஸ்தி, அதனால் நிறுத்திக்கொண்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் எத்தனை நாள் அதையே சொல்வது?

அன்றைக்கு நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். அன்று என்னை யாரும் பேசவிடவில்லை. ஆடிப்பெருக்கு விருந்து முடிந்ததும் உன் அப்பா தாம்பாளத்தில் லுங்கியும் சட்டையும் வைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். லுங்கியைப் பிரித்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். என் வேலை உனக்குத் தெரியும். நாள் முழுக்க ஷூவின் மேல்தோலைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, தையல் விட்டிருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறவன் நான். குறை தெரிந்தால் அந்த இடத்தில் வெள்ளிப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். அந்தப் பென்சில் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். உங்கள் வீட்டு வெளிச்சத்தில் ஒரு கட்டம் மட்டும் மற்றக் கட்டங்களைவிட நீளமாகத் தெரிந்தது. என் கை பென்சிலை எடுத்து வட்டம் போட்டது. மனசில் ஒன்றும் இல்லை அம்சா. கைதான் போட்டது.

"இன்னா மாப்ள, கழிச்சிட்டீங்களா?" என்றார் உன் அப்பா. விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவேயில்லை. நான் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நீ வாசலுக்குக்கூட வரவில்லை. ஒரு பென்சில் வட்டத்துக்கா இத்தனை பேஜார்? துவைத்தால் போய்விடும்.

இந்த வாரம் வந்துவிடு.

ஆதிகேசவன்


குடியாத்தம்
10-9-1978

நலம் விசாரிக்காமல் எழுதியிருந்தீர்கள். நானும் விசாரிக்கவில்லை. சரிக்குச் சரி.

துவைத்தால் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் நெசவாளி வம்சம்தான், உங்கள் தாத்தா காலத்தோடு தறியை விட்டுவிட்டீர்கள், அதனால் மறந்திருக்கும். லுங்கிக் கம்பெனி குடோனில் குமாஸ்தா துணியை உதறிப் பார்ப்பான். பிடிக்கவில்லையென்றால் பென்சிலால் ஒரு கோடு போட்டு மூலையில் தூக்கிப் போடுவான். கோடு விழுந்த துணியை நெசவாளி கக்கத்தில் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவான், பெண்டாட்டியிடம்கூடக் காட்டமாட்டான். எங்கள் அப்பா செங்கல்வராயன் குடோனில் தலை நிமிர்ந்து நிற்கிறவர். அவர் வீட்டுத் துணியில் முதல் கோடு அவர் வீட்டுக் கூடத்திலேயே, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் பார்க்க, பெண்ணைக் கட்டிய மருமகன் கையால் விழுந்தது. அதற்கு நீங்கள் சிரிக்கவும் சிரித்தீர்கள்.

இது அப்பாவின் கோபம். என் கோபம் வேறு, அதையும் எழுதிவிடுகிறேன்.

உங்களோடு நான் இருந்தது வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி பிறக்கும்வரை. நான் கல் பொறுக்கிய அரிசியை நீங்கள் மறுபடி முறத்தில் போட்டுப் பார்த்தீர்கள். நான் போட்ட தாழ்ப்பாளை எழுந்து வந்து அசைத்துப் பார்த்தீர்கள். கோலத்தில் ஒரு புள்ளி விலகியிருந்ததைச் சைக்கிளில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனீர்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் நீங்களே சொன்னீர்கள், மேசையில் குறை இருக்கிற உருப்படிக்குத்தான் வேலை அதிகம், சரியாக இருப்பதை ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கம் தள்ளிவிடுவேன் என்று. அன்று ராத்திரி நான் யோசித்துப் பார்த்தேன். என்னிடம் சரியாக இருந்தது எதையுமே நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாம் அந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது.

தலைதீபாவளிக்கு உங்களை அழைக்கப் போவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். தீபாவளி கழிந்ததும் தெருப் பெரியவர்களைக் கூட்டி, பேசித் தீர்த்துவிடுவதாகச் சொல்கிறார். தீர்ப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

அம்சவேணி


ஆம்பூர்
17-9-1978

அன்புள்ள அம்சா,

உன் கடிதத்தில் பிழை இல்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டேன். (இதை எழுதிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரிகிறது. அடித்துவிட மனசு வரவில்லை, சிரித்துக்கொள்.)

அரிசி, தாழ்ப்பாள், கோலம் மூன்றும் உண்மை. வேறு ஒன்றும் எழுதுகிறேன். இதைச் சொல்ல எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை.

என் மேசைக்கு எதிரே உட்காருகிற முனீர் அகமதை உனக்குத் தெரியும், கல்யாணத்துக்கு வாணியம்பாடியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தானே, அவன்தான். நோன்பு முடிந்து எங்கள் மத்தியானச் சதுரங்கம் மறுபடி ஆரம்பித்திருக்கிறது. வெட்டுத்தோலில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரம் நறுக்கி ஒட்டி அவனே பலகை செய்து வைத்திருக்கிறான். என் ராஜாவுக்கு அவன் குதிரையை வைத்தால் "ஷஹ்!" என்பான். அவன் ராஜாவுக்கு நான் யானையை வைத்தால் "செக்" என்பேன். இத்தனை நாள் இப்படியேதான் ஆடிக்கொண்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது, மனசு ஆட்டத்தில் இல்லை. சும்மா கேட்டேன், ஷஹ் என்றால் என்னடா என்று.

"ஷான்னா ராஜாப்பா. ராஜா, ஒனக்கு ஆபத்து வருதுன்னு கூப்பிட்டுச் சொல்றது. சொல்லாம அடிக்கிறது மரியாதை இல்ல" என்றான்.

அப்படியானால் நான் சொல்கிற செக் என்ன? நாள் முழுக்க அந்த வார்த்தையில்தான் குடித்தனம் பண்ணுகிறேன். செக்கிங் செக்‌ஷன், செக்கர், ரீ-செக். சனிக்கிழமை வேலை விட்டதும் ஊர் நூலகத்துக்குப் போனேன். அங்கே பீரோவுக்கு மேல் ஒரு பெரிய இங்கிலீஷ் அகராதி இருக்கிறது. தூசி தட்டி, விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். அம்சா, அதுவும் ராஜாதான். பாரசீக தேசத்தில் ஷா என்று கிளம்பிய வார்த்தை அரபிக்காரர் வாயில் புகுந்து, கடல் தாண்டி, பிரெஞ்சுக்காரனிடம் போய் உருமாறி, இங்கிலீஷ்காரனிடம் செக் ஆகியிருக்கிறது. முனீரும் நானும் இத்தனை மாதம் ஒரே வார்த்தையைத்தான் இரண்டு வாயில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

முதலில் அதற்குச் சோதனை என்ற அர்த்தமே கிடையாது. "ராஜாவே!" என்று கூப்பிடுவது மட்டும்தான். கூப்பிட்டதும் ஆட்டம் நிற்க வேண்டும், ராஜாவைக் காப்பாற்றாமல் மேற்கொண்டு எதுவும் நடக்காது. அதனால் "நிறுத்து" என்று ஆயிற்று. நிறுத்தியபின் பார்க்கிறோம் அல்லவா, அதனால் "பார்" என்று ஆயிற்று. நான் செய்கிற வேலை கடைசியில் வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தம்.

வெளியே வந்தேன். மழை பெய்து விட்டிருந்தது, தோல் ஷாப்புகளின் பக்கமிருந்து ஈர வாடை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தேன். அன்று மத்தியானம் என் மேசைக்கு வந்த ஒவ்வொரு உருப்படியையும் ராஜா என்று கூப்பிட்டுத்தான் நிறுத்தினேன் என்று நினைத்தபோது என்னவோ போல இருந்தது. வீட்டுக்குள் வந்து விளக்குப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். "சரி, சாப்பிடுங்க" என்று சொல்லியிருப்பாய்.

ஆதிகேசவன்


குடியாத்தம்
27-9-1978

உங்கள் ராஜா கதை வந்து சேர்ந்தது. தபால்காரர் சாமுவேல் அப்பா கையில்தான் கொடுத்தார். அப்பா உறையைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டி, "இன்னா எழுதறான்?" என்றார். "ராஜா கதை" என்றேன். "ஓஹோ, தொரைக்குக் கதை வேற வருதா" என்று தறிக்குழியில் இறங்கிவிட்டார். மறுநாள் சாப்பிடும்போது ரசத்தைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "அப்பறம் இன்னா ஆச்சு அந்த ராஜா?" என்று கேட்டார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். மன்னித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள், அவருக்குக் கதை கேட்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு சந்தேகம். நாங்கள் நெய்வது செக் லுங்கி. கட்டம் போட்ட துணிக்கு ஏன் அந்தப் பெயர்? குடோனில் கேட்டால் "அது அப்படித்தாம்மா" என்கிறார்கள். உங்கள் அகராதி ராஜாவோடு நின்றுவிட்டதா, துணிக்கு வந்ததா?

விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுகிறார்கள். மாரியம்மன் கோவிலிலிருந்து எங்கள் வீடுவரை நூல். மஞ்சளும் பச்சையும் இருட்டிலிருந்து மெல்ல மெல்ல நிறம் பிடித்து வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உங்கள் கடிதம் வந்த மறுநாளும் அப்படித்தான் நின்றேன். நேராக ஓடுகிற இந்த நூல் தறிக்குப் போய், குறுக்கே ஊடை விழுந்தால்தான் கட்டமாகும். அதற்கு முன் எந்தக் கட்டமும் இல்லை. இன்னும் பிறக்காத கட்டங்களில் இன்னும் வராத ராஜாக்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நின்றதில், நூலுக்குக் கஞ்சி போடுகிறவர் என்னை நகரச் சொல்லிக் கத்தினார்.

இப்படியெல்லாம் யோசிக்க வைத்துவிட்டு நீங்கள் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் ராஜாமேல் கை வைக்க வேண்டும், அதுதான் மரியாதை என்று உங்கள் சிநேகிதர் சொன்னாராம். என்னை ஒருமுறையாவது கூப்பிட்டீர்களா? கூடத்தில் அத்தனை பேர் இருக்க, "அம்சா, இங்க வா, இதைப் பாரு" என்று ஒரு வார்த்தை?

துணி சமாச்சாரம் தெரிந்தால் எழுதுங்கள். அப்பா கேட்பார்.

அம்சவேணி


ஆம்பூர்
8-10-1978

அன்புள்ள அம்சா,

உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இரண்டு சனிக்கிழமை போனது. நூலகர், "ஒரே பக்கத்தையே இன்னாய்யா படிக்கிற?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

ராஜாவைக் கூப்பிடுகிற ஆட்டம் எந்தப் பலகையில் நடக்கிறதோ அந்தப் பலகைக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். பலகை முழுக்கக் கட்டம். அதனால் கட்டம் போட்ட எதற்கும் அந்தப் பெயர். துணிக்கும் அப்படித்தான் வந்தது. உன் தெரு முழுக்கப் பாரசீக ராஜா பெயரைச் சொல்லித்தான் துணி நெய்கிறது என்று மாமாவிடம் சொல்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் காலத்து இங்கிலாந்து ராஜாவின் அதிகாரிகள் வரவு செலவைச் சரிபார்க்க ஒரு பெரிய மேசையைச் சுற்றி உட்காருவார்களாம். அந்த மேசையின்மேல் கட்டம் போட்ட துணி விரித்திருக்குமாம். கட்டத்துக்குக் கட்டம் வில்லைகளை நகர்த்திக் கணக்குப் பார்ப்பார்களாம். அங்கே நிதி மந்திரியின் இலாகாவுக்கு இன்றைக்கும் அந்தத் துணியின் பெயர்தானாம், எக்ஸ்செக்கர் என்று. பார் அம்சா, சரிபார்க்கிற மேசை என் பக்கம், கட்டம் போட்ட துணி உன் பக்கம். எந்தக் காலத்திலோ, எந்தச் சீமையிலோ, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்திருக்கின்றன.

இடையில் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டபின் ஃபாக்டரி மேசையிலேயே கண் அசந்துவிட்டேன். மேசை நீண்டுகொண்டே போயிற்று. ஃபாக்டரிச் சுவர் இல்லை. பச்சகுப்பம், மேல்பட்டி, வளத்தூர் என்று ரயில் போகிற வழியெல்லாம் மேசை, அதன்மேல் உன் வீட்டு மஞ்சள் பச்சைக் கட்டத் துணி. குடியாத்தம் கோடியில் நீ உட்கார்ந்து துணியைச் சுருக்கம் நீவிக்கொண்டிருந்தாய். நான் இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டேன். உனக்குக் கேட்கவில்லை. முனீர் தோளைத் தட்டி எழுப்பினான். நான் "அம்சா" என்றேனாம். செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது.

நீ எழுதியதை நான் மறக்கவில்லை. போன வாரம் தையல் பகுதி விஜயகுமாரி கொண்டுவந்த உருப்படிகளைப் பார்த்து, "நல்லா தைச்சிருக்கம்மா" என்று சொன்னேன். அந்தப் பெண் முகம் வெளுத்து, "இன்னா சார், என்னை நிறுத்தப் போறாங்களா?" என்று கேட்டது. இத்தனை வருஷம் நான் எப்படி இருந்திருக்கிறேன் என்று அந்த ஒரு கேள்வியில் தெரிந்துபோயிற்று.

தீபாவளி நெருங்குகிறது. வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை அழைக்காமல் போனால் ஊர் காறித் துப்பும். ஜோலார்பேட்டையில் அண்ணன் வீட்டிலிருக்கும் என் அம்மா, "அவங்க கூப்பிடாம நீ படி ஏறினா நான் உனக்கு அம்மா இல்ல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மாமா ஒரு வரி எழுதினால் போதும். அவர் நெய்த துணியில் கோடு போட்டதற்கு அவர் காலில் விழத் தயாராக இருக்கிறேன்.

ஆதிகேசவன்


குடியாத்தம்
16-10-1978

மாமா,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் அப்பா காலில் விழ வேண்டாம். அது அப்பா நெய்த துணி இல்லை. நான் நெய்தது.

எங்கள் வீட்டில் பெண்கள் ராட்டை சுற்றுவோம், பாவு பிணைப்போம். தறியில் உட்கார்ந்து ஒரு முழுத் துணி நெய்து அறுத்தது கிடையாது. ஆடி பிறந்து இங்கே வந்த மறுநாள் அப்பாவிடம் கேட்டேன், ஆடிப்பெருக்குக்கு உங்களுக்குக் கொடுக்கிற லுங்கியை நானே நெய்கிறேன் என்று. அப்பா சிரித்தார். அப்புறம் தறியை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். கூடவே உட்கார்ந்து, தறியின் கால்மிதியை எப்போது அழுத்துவது என்று சொல்லிக் கொடுத்தார். நீங்கள் அதைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்ததும் எல்லோரிடமும் சொல்லலாம் என்று அப்பாவும் நானும் பேசி வைத்திருந்தோம். நீங்கள் கட்டவே இல்லை. வெளிச்சத்தில் பிடித்தீர்கள்.

அப்பாவுக்கு வந்தது அவர் துணிக்காக வந்த கோபம் இல்லை. அது பெண்ணுக்காக வந்தது. "நீ நெய்ததுன்னு சொன்னா இன்னும் அவமானம், வேணாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். அதனால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அந்த நீளக் கட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகி வந்த வாரம் ஆம்பூர் பஜாரில் எனக்குச் செருப்பு வாங்கினீர்கள். கடைக்காரர் போட்டுவிட்டார். நீங்கள் சட்டென்று குனிந்து, நடுக்கடையில், அத்தனை பேர் நடுவில், என் பெருவிரல் எங்கே முட்டுகிறது என்று செருப்பின் மேலே கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தீர்கள். "இது கடிக்கும், வேற குடு" என்றீர்கள். எனக்கு அப்படி ஒரு வெட்கம். என் காலுக்கு வலிக்கும் என்று அதுவரை யாரும் முன்கூட்டியே யோசித்ததில்லை. தறியில் மஞ்சள் ஊடை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அது நினைவுக்கு வந்தது. ஊடை நூல் வைத்த நாடா அது பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. எத்தனை இழை ஓட்டினேன் என்பதே தெரியவில்லை. அப்பா சாப்பிடப் போயிருந்தார், பிரிக்கச் சொல்ல ஆளில்லை. பிறகு பார்த்தபோது கட்டம் நீண்டிருந்தது. பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் வட்டம் போட்டது அங்கேதான். அந்த லுங்கி முழுக்க நான் கண்ணாக இருந்து நெய்தேன். உங்களை நினைத்துக்கொண்டே இருந்தது அந்த ஓர் இடத்தில்தான். அதைத்தான் தப்பு என்று காட்டினீர்கள்.



அம்சா


ஆம்பூர்
20-10-1978

அம்சா,

நேற்று வந்தது. சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றபடியே படித்தேன். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

என்ன எழுதினாலும் சமாதானம் மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் எழுதவில்லை. எனக்கு அழுகை வந்தது என்று மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது உண்மை.

முறை எல்லாம் போகட்டும். அம்மா என்ன சொன்னாலும் சொல்லட்டும். தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியான வண்டியில் வருகிறேன். மாமா கூப்பிட வேண்டாம். தெருவில் நிற்கிறேன். பாவு போடுகிற இடத்தில், எல்லோரும் பார்க்கட்டும். மாமா உள்ளே விடாவிட்டால் தீபாவளி அன்றும் அங்கேயே நிற்கிறேன். உன்னைக் கூப்பிடுவேன். நீ வெளியே வந்து பார்த்தால் போதும்.

உன்
கேசவன்


குடியாத்தம்
24-10-1978

அன்புள்ள மாமா,

வராதீர்கள்.

பயந்துவிட்டீர்களா? முழுக்கப் படியுங்கள். நீங்கள் தெருவில் நின்றால் அப்பா உள்ளே விட்டுவிடுவார், எனக்குத் தெரியும். அப்புறம் பெரியவர்கள் நாலு பேர் கூடி, மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டார், மாமனார் மன்னித்தார் என்று பேசி முடிப்பார்கள். என்னைக் கையைப் பிடித்து உங்களோடு அனுப்பிவைப்பார்கள். ஆடிக்கு என்னை அழைத்து வந்தார்கள், ஆவணியில் நிறுத்திக்கொண்டார்கள், தீபாவளிக்கு அனுப்பிவைக்கிறார்கள். நடுவில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. துணி என்னுடையது, நினைப்பு என்னுடையது, வலி என்னுடையது. மன்னிப்பதும் மன்னிக்காததும் அப்பாவிடம் எப்படிப் போயிற்று?

அதனால் நானே வருகிறேன். ராஜாவைக் கூப்பிட்டபின் நகர வேண்டியது ராஜாதானே.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். "தலைதீபாவளிக்குப் பொண்ணு போறதா? அப்படி ஒரு முறையே இல்லியேம்மா" என்றார். "இந்த வருஷத்திலிருந்து இருக்கட்டும்பா" என்றேன். தறியில் போய் உட்கார்ந்தார். நாள் முழுக்க நாடா ஓடவில்லை, சத்தமே இல்லை. ராத்திரி அம்மாவிடம் சொல்கிறார்: "அவனுக்குக் குடுக்கறதுக்கு மில் துணியா பார்த்து வாங்கி வை. இன்னா வட்டம் வேணுமோ போட்டுக்கட்டும்." அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்து, பிறகு மூன்று பேருமே சிரித்தோம். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். நல்லெண்ணெயும் சீயக்காயும் அதிரசமும் கட்டி வைத்திருக்கிறார்கள். பெரியவர்களிடம் போய், கூட்டம் வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

தீபாவளிக்கு முந்தின நாள், நீங்கள் வருவதாக எழுதிய அதே மத்தியானத்தில் நான் எதிர்ப்பக்க வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், வழி எனக்குத் தெரியும். வீட்டைப் பெருக்கி வைக்கவும் வேண்டாம், எது எங்கே கிடக்கிறதோ கிடக்கட்டும். இத்தனை மாதம் தனியாக எப்படிக் குடித்தனம் பண்ணினீர்கள் என்று நானும் ஒருமுறை பார்க்கிறேன்.

கதவைத் தட்டுவேன். திறந்ததும் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பீர்கள். அதை நீங்கள் விட முடியாது, விடவும் வேண்டாம். பார்த்து முடித்ததும், எனக்குப் பிடித்த மாதிரி ஒரே ஒரு வார்த்தை, வாயைத் திறந்து சொல்லுங்கள். அதைக் கேட்டபிறகுதான் பையைக் கீழே வைப்பேன்.

உங்கள்
அம்சவேணி